சின்ன ஊரில் பால்புதுமையர் உரிமைக்காக வேலை தொடங்குவது எப்படி?

எங்கள் ஊரில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் பதினாறு வருடமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று என்று ஊரில் பாதிப் பேருடைய மனு என் கைவழியாகத்தான் உள்ளே போகும். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தன்பாலின உறவைக் குற்றமாக வைத்திருந்த 377ஆம் பிரிவு பற்றித் தீர்ப்புச் சொன்ன அன்று சாயங்காலம், என் அக்கா மகன் கடைக்கு வந்தான். பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. "சித்தி, இன்னையிலேர்ந்து நான் குத்தவாளி இல்ல" என்றான். அவனைப் பற்றி எனக்குத் தெரியவந்தது அந்த ஒரு வரியில்தான்.

அப்புறம் அவனுடைய நண்பர்கள் வந்தார்கள். வாடகை வீட்டுப் பிரச்சினை, சான்றிதழில் பெயர் மாற்றம், வீட்டில் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். இன்று நாங்கள் ஏழு பேர். பதிவு பெற்ற அமைப்பு கிடையாது, அலுவலகம் கிடையாது. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எட்டு மணிக்குக் கூடுவோம். சென்னையில் 2009இலிருந்து பால்புதுமையர் (தன்பாலினரை விரும்புபவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள் எல்லோருக்குமான பொதுப்பெயர்) வானவில் பேரணி நடக்கிறது. அங்கே அமைப்புகள் இருக்கின்றன, ஆலோசகர்களும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். தாலுகா ஊர்களில் அப்படி இல்லை. அங்கே இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பார்த்தவரை நம் மாநிலத்தில் தீர்ப்புக்குப் பஞ்சமில்லை. அந்தத் தீர்ப்பு காவல் நிலைய எழுத்தர் மேசைக்கும் ரேஷன் கார்டு பார்க்கிற அலுவலர் மேசைக்கும் வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான். கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை. அப்படிச் சேர்க்கும்போது ஒருவருடைய பெயர் அவர் விரும்பாத இடத்துக்குப் போய்விடக் கூடாது. கீழே வருகிற எல்லாப் படிகளுக்கும் இந்த இரண்டும்தான் அடித்தளம்.

முதல் படி: கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்

2019இல் ஒரு திருநம்பி (பெண் என்று வளர்க்கப்பட்டாலும் தன்னை ஆணாக உணர்ந்து வாழ்பவர்) கடைக்கு வந்தார். வீட்டுக்காரர் திடீரென்று காலி செய்யச் சொல்கிறார், முன்பணத்தையும் தர மறுக்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் யார், எப்படிப்பட்டவர், எதற்காகக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று எல்லாவற்றையும் விளக்கமாக எழுதி, திங்கட்கிழமை மனுவில் போட்டுவிட்டேன். அந்த மனு எந்த வழியில் போகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆட்சியரிடமிருந்து கோட்டாட்சியர், அங்கிருந்து வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கடைசியில் கிராம நிர்வாக அலுவலர். ஆயிரம் பட்டா மனுக்களுக்கு அந்தப் பாதையை நானே மக்களுக்கு விளக்கியிருக்கிறேன். இந்த மனுவுக்கு மட்டும் யோசிக்கவில்லை. பத்தாவது நாள் அலுவலரும் உதவியாளரும் விசாரணைக்காக அந்தத் தெருவுக்குப் போய், முக்குக் கடையில் மனுவைப் பிரித்து வைத்துக்கொண்டு வீடு எது என்று விசாரித்திருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டு நாளில் அவர் ஊரை விட்டே போனார். என் மேல் அவருக்கு வருத்தம் இல்லை என்று பிறகு சொன்னார். எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

அதனால் எங்களிடம் இப்போது ஒரு முறை இருக்கிறது. யார் வந்தாலும் முதலில் மூன்று கேள்வி கேட்போம். உங்களைப் பற்றி வீட்டில் யாருக்குத் தெரியும்? எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில் கூப்பிடலாம்? வேறு யாராவது போனை எடுத்தால் நாங்கள் யார் என்று சொல்வது? மூன்றாவது கேள்வி அவசியம். "டிடிபி கடையிலிருந்து பேசுகிறோம், உங்கள் பயோடேட்டா ரெடி" என்பது எங்கள் வழக்கமான பதில்.

மனு எழுதும்போது குறைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் அடையாளத்தைச் சொல்லுங்கள். முன்பணம் திரும்ப வரவேண்டும் என்றால் அது முன்பணப் பிரச்சினைதான், அங்கே பாலினம் எதற்கு? அடையாளம் சொல்லியே ஆகவேண்டிய மனு என்றால், கடிதத் தொடர்புக்கு வழக்கறிஞர் முகவரியைக் கொடுங்கள். "மனுதாரரை அலுவலகத்துக்கு அழைத்து ரகசியமாக விசாரிக்க வேண்டுகிறேன், குடியிருப்புப் பகுதியில் நேரடி விசாரணை செய்தால் மனுதாரரின் பாதுகாப்புக்கு ஆபத்து உண்டு" என்ற வரியையும் தடித்த எழுத்தில் சேருங்கள். வாட்ஸப் குழுவில் ஆதார் நகலைப் போடாதீர்கள். யாருடைய கதையையும் அவர் சம்மதமில்லாமல் இன்னொருவரிடம் உதாரணமாகக்கூடச் சொல்லாதீர்கள். சின்ன ஊரில் பெயரை விட்டுவிட்டு "பஸ் ஸ்டாண்ட் பக்கம் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிற பையன்" என்றாலே போதும், ஆள் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: சொற்கள்

அலுவலகங்களில் எல்லோரையும் 'மூன்றாம் பாலினம்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுவார்கள். பிறகு ஆணை விரும்பும் ஆணுக்கு வந்த குறை திருநங்கைகள் நல வாரியத்துக்குத் திருப்பிவிடப்பட்டு அங்கே தூங்கும். ஆகவே நாமே பிரித்துச் சொல்லிப் பழக வேண்டும். யாரை விரும்புகிறோம் என்பது ஈர்ப்பு: தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு. நான் யார் என்பது பாலின அடையாளம்: திருநங்கை, திருநம்பி. பிறப்பிலேயே உடல்கூறு ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காதவர்கள் ஊடுபாலினர், அல்லது இடைபாலினர். எல்லோரையும் சேர்த்துச் சொல்லப் பால்புதுமையர். உயர் நீதிமன்றத்தின் தூண்டுதலால் தமிழக அரசே 2022இல் ஒரு சொற்பட்டியலை வெளியிட்டது. அதன் நகலைக் கையில் வைத்திருங்கள். உள்ளூர் நிருபர் ஒருவர் தலைப்பில் அசிங்கமான சொல்லைப் போட்டால், சண்டைக்குப் போகாமல் அந்தப் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். எங்கள் ஊரில் இரண்டு பேர் அப்படி மாறியிருக்கிறார்கள்.

ஒருவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அதுதான் அவருக்குச் சரியான சொல். பட்டியலைக் காட்டி அவரைத் திருத்த வேண்டாம்.

மூன்றாம் படி: ஒரு ஃபைல்

கெட்டி அட்டை போட்ட ஃபைல் ஒன்று வாங்குங்கள். போனில் பிடிஎஃப் இருந்தால் போதாதா என்று பையன்கள் கேட்பார்கள். போதாது. அலுவலர் உங்கள் போனை வாங்கிப் படிக்க மாட்டார். தாளைக் கொடுத்தால் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவாவது புரட்டுவார்.

அதில் முதலில் இருக்க வேண்டியது சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 ஜூன் 7 உத்தரவு. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் விரும்பிச் சென்னைக்கு வந்துவிட, இரண்டு வீட்டாரும் 'காணவில்லை' என்று புகார் கொடுக்க, பெண்கள் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்பு எழுதிவிடவில்லை. இந்த விஷயம் தனக்குப் போதுமான அளவு தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகே எழுதினார். அலுவலர்களிடம் பேசும்போது நான் இங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். உயர் நீதிமன்ற நீதிபதியே தெரியாது என்று ஒப்புக்கொண்டு கற்றுக்கொண்டார் என்றால், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது என்று சொல்ல ஒரு வழி கிடைக்கிறது. அவமானப்பட்டவர் கற்றுக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது, அதே வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் சேர்ந்த 24-சி. பால்புதுமையரையும் அவர்கள் நலனுக்காக வேலை செய்பவர்களையும் எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. சட்டப்படி நடக்கும் விசாரணை துன்புறுத்தல் ஆகாது என்றும் அதிலேயே இருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். 'நலனுக்காக வேலை செய்பவர்கள்' என்றால் நீங்களும் நானும்தான். நம்மைக் காக்கிற விதி என்பதால் இதை இரண்டு நகல் எடுங்கள்.

மூன்றாவது, தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வெளியிட்டது: ஈர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை செய்வது மருத்துவருக்குத் தொழில்முறைத் தவறு. நான்காவது, 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் திருநர் (திருநங்கை, திருநம்பி இருவரையும் சேர்த்துச் சொல்வது) வழக்கில் சொன்ன தீர்ப்பு. ஐந்தாவது, சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் 2019 ஏப்ரல் தீர்ப்பு. தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கு அது. 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று சொன்னதோடு, ஊடுபாலினக் குழந்தைகளுக்குத் தேவையில்லாத அறுவைச் சிகிச்சையைத் தடை செய்யவும் சொன்னது. மாநில அரசு அதே வருடம் அதற்கு அரசாணை போட்டது. 2025 ஜூலை 31இல் வெளிவந்த மாநிலத் திருநர் கொள்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தன்பாலினத் திருமணம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பொய்யான நம்பிக்கை கொடுக்காதீர்கள். 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை உரிமையாக ஏற்கவில்லை, சட்டம் இயற்றும் மன்றங்களிடம் விட்டுவிட்டது. ஆனால் சேர்ந்து வாழ்பவர்களுக்குக் கையிலெட்டும் சில விஷயங்கள் உண்டு. கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் ஒன்றிய நிதித் துறை தெளிவுபடுத்தியது. இணையரை ஒரே குடும்பமாகக் கருதி ரேஷன் கார்டு தரலாம் என்று உணவுத் துறையும் மாநிலங்களுக்கு எழுதியது. வட்ட வழங்கல் அலுவலர் இதைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்புக் குறைவு. புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு இது நல்ல முதல் வேலை: யார் பெயரும் வேண்டாம், சுற்றறிக்கை நகலை இணைத்து, "இதன்படி தங்கள் அலுவலகத்தில் விண்ணப்பம் பெறப்படுகிறதா?" என்று ஒரு கடிதம்.

சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. திருநர் சட்டமும் சரி, விதிகளும் சரி, ஒவ்வொரு மனுவுக்கு முன்பும் அன்றைய நிலை என்ன என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். வழக்கறிஞர் தெரியாது என்றால் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100 என்ற சட்ட உதவி எண்ணிலும் கேட்கலாம்.

நான்காம் படி: காவல் நிலையம்

எங்களுக்கு வரும் அவசர அழைப்பில் பாதி இந்த வகைதான்: இரண்டு பெண்கள் வீட்டை விட்டு வந்துவிட்டார்கள், வீட்டார் புகார் கொடுத்துவிட்டார்கள், நிலையத்திலிருந்து போன் வருகிறது.

முதலில் வயது. இருவருக்கும் பதினெட்டு முடிந்திருக்கிறதா? பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றைப் பார்க்காமல் எதுவும் செய்யாதீர்கள். ஒருவருக்கு ஒரு மாதம் குறைவாக இருந்தாலும் கதை வேறு. கடத்தல், போக்சோ என்று வழக்குப் பாய்ந்து அந்த இன்னொரு பெண்தான் சிக்குவாள். வயது குறைந்த பிள்ளை ஆபத்தில் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். பாவம் என்று வீட்டில் வைத்துக்கொண்டால் அந்தப் பிள்ளைக்கும் நல்லதில்லை, உங்கள் குழுவும் அத்தோடு முடிந்துவிடும்.

வயது சரி என்றால் இருவரும் தனித்தனியாக, தங்கள் கையெழுத்தில், ஒரு கடிதம் எழுதட்டும். சொந்த விருப்பத்தில் வந்தேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை, வீட்டிலிருந்து நகை பணம் எதுவும் எடுத்து வரவில்லை. கடைசி வரி முக்கியம். 'காணவில்லை' புகார் பலிக்காவிட்டால் அடுத்து வருவது திருட்டுப் புகார். கடிதத்தின் நகலைப் பதிவுத் தபாலில் புகார் கொடுத்த நிலையத்துக்கும் மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் அனுப்பிவிட்டு, பிறகு வழக்கறிஞரோடு நேரில் போங்கள். இரவில் போக வேண்டாம்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு ஜோடியோடு போனேன். ஆய்வாளர் வரும்வரை மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண்களில் ஒருத்தி துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டிக் கயிறு மாதிரி ஆக்கிவிட்டாள். வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு குடும்பமும் நின்றது. ஒரு தாய் உள்ளே எட்டிப் பார்த்து, "ஊர்ல தலை காட்ட முடியலடி" என்றார். ஆய்வாளர் வந்ததும் வழக்கம்போல, "ரெண்டு பேரையும் அம்மா அப்பாவோட அனுப்பி வைங்கம்மா, பேசித் தீத்துக்குவாங்க" என்றார். நான் ஃபைலிலிருந்து 2021 ஜூன் 7 உத்தரவை எடுத்து, மஞ்சள் மார்க்கரில் கோடு போட்டிருந்த பத்தியைக் காட்டினேன். காணவில்லை என்ற புகாரில் விசாரித்து, இருவரும் வயது வந்தவர்கள், விருப்பப்பட்டுச் சேர்ந்திருக்கும் பால்புதுமையர் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும். அவர் இரண்டு முறை படித்தார். "இது எங்களுக்கு வந்துச்சாப்பா?" என்று எழுத்தரைக் கேட்டார். எழுத்தருக்குத் தெரியவில்லை. வாக்குமூலம் எழுத இரண்டு மணி நேரம் ஆனது. ஆனால் எழுதினார்கள். புகார் முடிக்கப்பட்டதற்கான நகலைக் கேட்டு வாங்காமல் நான் எழுந்திருக்கவில்லை, நீங்களும் எழுந்திருக்காதீர்கள். நாம் கொடுத்த மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீதும் (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையம் தரும் சீட்டு) வாங்க வேண்டும்.

பெண்ணை வீட்டுக்குள் அடைத்துவிட்டார்கள், போனையும் பிடுங்கிவிட்டார்கள் என்றால் உள்ளூர் நிலையத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112ஐ அழைத்துவிட்டு, அதே நாளில் வழக்கறிஞரைப் பிடித்து, அடைத்து வைத்தவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். தென் மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இப்படித்தான் வீட்டில் அடைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணை விடுவித்தது. தோழி போட்ட மனு அது. அந்தப் பெண் உதவி கேட்டபோது காவல் துறை அவரை வீட்டாரோடே அனுப்பியதைக் கண்டித்த நீதிபதிகள், திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்க வழி என்றில்லை, தானாகத் தேர்ந்தெடுத்த குடும்பம் என்பதும் உண்டு என்றார்கள்.

ஐந்தாம் படி: வீடு

வீட்டுக்குள் தீர்ப்பைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே அது எடுபடாது. பெற்றோருக்கு முதலில் வரும் பயம், வயசான காலத்தில் இவனுக்கு ஒரு வாய்த் தண்ணி யார் கொடுப்பார்கள் என்பது. அடுத்தது சொந்தக்காரர்கள். மூன்றாவதாக, "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்" என்பார்கள். இந்தக் கடைசி எண்ணத்தைத்தான் நாம் பொறுமையாக உடைக்க வேண்டும், ஏனென்றால் அது இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுக்கும். "நம்ம வீட்டுப் பொண்ணை அப்படி ஒருத்தனுக்குத் தெரிஞ்சே கொடுப்போமாக்கா?" என்று கேட்டால் பெரும்பாலான தாய்மார்கள் யோசிப்பார்கள். அந்த மௌனத்தில் அவசரப்பட்டுப் பேசாதீர்கள்.

மந்திரித்துக் கயிறு கட்டுவது, கோடாங்கியிடம் கூட்டிப்போவது, ஊசி போட்டு மாற்றுகிறேன் என்கிற மருத்துவர் எல்லாம் நடுவில் வருவார்கள். மருத்துவர் என்றால் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 உத்தரவைக் காட்டி மாநில மருத்துவ மன்றத்தில் புகார் செய்யலாம். மற்றதற்கு, நம்பிக்கையான அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் ஒருவரை முன்கூட்டியே பார்த்துப் பேசி, இது நோயில்லை என்று பெற்றோரிடம் அவர் வாயாலேயே சொல்ல வைப்பது நல்ல வழி. நாம் நூறு முறை சொல்வதும் வெள்ளைக் கோட்டுக்காரர் ஒரு முறை சொல்வதும் அந்த வீட்டில் ஒன்றல்ல.

அதைவிட நல்லது, இதைக் கடந்து வந்த இன்னொரு தாயைக் கூட்டிப்போவது. என் அக்காவுக்கு மூன்று வருடம் ஆனது. முதல் வருடம் என்னோடுகூடப் பேசவில்லை, நான்தான் அவனைக் கெடுத்துவிட்டேன் என்று. ஒரு நாள் கிரைண்டரில் மாவு வழித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அந்தப் பையன் சைவமா, கறி திம்பானா?" என்று கேட்டாள். தீபாவளிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். இப்போது நான் போக முடியாத வீடுகளுக்கு அக்காதான் போகிறாள். போய் உட்கார்ந்து தன் கதையைச் சொல்கிறாள், அவ்வளவுதான்.

எல்லா வீடும் அப்படி மாறாது. அடி விழுகிற வீடு, கத்தியைக் காட்டுகிற வீடு என்று தெரிந்தால் சமாதானம் பேசப் போகாதீர்கள். அந்தப் பிள்ளையைப் பத்திரமாக வெளியே கொண்டுவரும் வழியைப் பாருங்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால், அதை வெறும் பேச்சாக எடுக்காமல் அன்று இரவு அவரைத் தனியே விடாதீர்கள். மனநல உதவிக்கான 104, 14416 இரண்டு எண்களும் குழுவில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

ஆறாம் படி: கல்லூரி

இது கொஞ்சம் எளிது. பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் ராகிங் தடுப்பு விதியைத் திருத்தி, பாலினத்தையும் பாலீர்ப்பையும் காரணமாக வைத்துச் செய்யும் கேலி, ஒதுக்கல், துன்புறுத்தல் எல்லாம் ராகிங்தான் என்று சேர்த்தது. கல்லூரி நிர்வாகத்துக்கு ராகிங் என்றால் பயம் உண்டு. 1800-180-5522க்குப் புகார் போனால் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். 'பால்புதுமையர் விழிப்புணர்வு' என்று போய் நின்றால் முதல்வர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். 'ராகிங் தடுப்பு நிகழ்ச்சி' என்று நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் மூலம் போனால் அடுத்த வாரமே அரங்கு கிடைக்கும். உள்ளே என்ன பேசப்போகிறோம் என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், மறைத்துச் செய்தால் அடுத்த முறை கதவு திறக்காது. கேள்விகளைப் பெயரில்லாமல் சீட்டில் எழுதி வாங்குங்கள். கையைத் தூக்கிக் கேட்கச் சொன்னால் உண்மையில் கேட்க வேண்டிய பிள்ளை கேட்காது.

வெளியில் கூடுவது

புதிதாக வருகிறவர்கள் முதல் வாரமே பேரணி என்பார்கள். சின்ன ஊரில் பேரணியில் நடக்கிற ஒவ்வொரு முகமும் அடுத்த நாள் பேசுபொருள். முதலில் ஓர் அரங்கக் கூட்டம் போதும். எங்கள் பக்கம் ஏப்ரல் 15 நல்ல நாள், 2008இல் திருநங்கைகள் நல வாரியம் அமைந்த நாள் என்று மாநிலமே திருநங்கையர் தினமாகக் கொண்டாடுகிறது. அந்த நாளில் கூட்டம் என்றால் அலுவலர்களும் வருவார்கள். அனுமதிக் கடிதத்தைக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். போட்டோ எடுக்கக் கூடாத வரிசை என்று இடது பக்கம் இரண்டு வரிசை ஒதுக்கி, அதைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே மைக்கில் சொல்லிவிடுங்கள். "இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தது" என்று யாராவது எழுந்து பேசினால், விழுப்புரம் பக்கம் கூவாகத்தில் சித்திரை மாதம் கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொள்ளத் திருநங்கைகள் எத்தனை காலமாகக் கூடுகிறார்கள் என்று அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பஸ் டிரைவர் எழுந்து சொன்னார், பதினொரு வருடமாகத் திருவிழா ஸ்பெஷல் ஓட்டுகிறாராம்.

கடைசிப் படி: திங்கட்கிழமை மனுவும், தகவல் கேட்பதும்

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பையைச் சோதிப்பார்கள், எதிரே கம்ப்யூட்டரில் மனுவைப் பதிவு செய்து எண் போட்ட சீட்டுத் தருவார்கள். அந்தச் சீட்டுதான் சொத்து, தொலைக்காதீர்கள். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் எழுதுங்கள். வீடு, வேலை, காவல், கழிப்பறை என்று நான்கை ஒரே தாளில் எழுதினால் நான்கு துறைக்கும் அது சொந்தமில்லை. ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். யார் செய்ய வேண்டும், எந்த உத்தரவின்படி, எதைச் செய்ய வேண்டும். இந்த மூன்றும் முதல் ஐந்து வரிக்குள் வந்துவிட வேண்டும்.

மனு தூங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபால். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அல்லது சரியில்லாவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. "நகல் தருக" என்று கேளுங்கள். இல்லாத தாளுக்கு நகல் கேட்டால், இல்லை என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்த 'இல்லை'தான் அடுத்த மனுவுக்கு நம் கையில் இருக்கும் ஆதாரம்.

எங்கள் மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு நாங்கள் அனுப்பியது நான்கே வரி. 2021 ஜூன் 7 உத்தரவின்படி நிலையங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையின் நகல். காவலர்களுக்கு நடத்திய பயிற்சியின் தேதிப் பட்டியல். பயிற்சி கொடுத்தவர்கள் விவரம். வருகைப் பதிவேட்டின் நகல். விண்ணப்பத்தில் போட்டது என் பெயர், என் கடை முகவரி. குழுவில் வெளியே தெரிந்தால் பாதிப்பில்லாத ஆள் நான்தான் என்பதால் அப்படி முடிவு செய்தோம். உங்கள் குழுவிலும் அப்படி ஒருவரைக் கண்டுபிடித்து வையுங்கள். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு தாய், யாராவது. இருபத்தெட்டாவது நாள் பதில் வந்தது: சுற்றறிக்கை உண்டு, பயிற்சி 'விரைவில் நடத்தப்படும்'. அந்தப் பதிலை இணைத்து, தேதி குறித்துத் தரும்படி அடுத்த திங்கட்கிழமையே மனு கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து ஆயுதப்படை மைதானத்துக்குப் பக்கத்து ஹாலில் நாற்பது காவலர்களுக்கு அரை நாள் வகுப்பு நடந்தது. மனநல மருத்துவர், வழக்கறிஞர், ஒரு திருநங்கை, என் அக்கா என்று நான்கு பேர் பேசினார்கள். நான் இரண்டு பக்கத் தாள் ஒன்றைத் தயாரித்து எல்லோருக்கும் கொடுத்தேன். முன்பக்கம் உத்தரவின் பத்தி, விதி 24-சி. பின்பக்கம் தொலைபேசி எண்கள்.

அடுத்த வாரம் வேறு வேலையாக நிலையத்துக்குப் போனபோது, நிலைய எழுத்தர் மேசைக் கண்ணாடிக்கு அடியில், ரோந்து அட்டவணைக்குப் பக்கத்தில், அந்தத் தாள் இருந்தது. எழுத்தர்கள் மாற்றலாகிப் போவார்கள், மேசை மாறும், கண்ணாடியும் மாறும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு நிலையத்துக்கும் ஏதாவது காரணம் சொல்லிப் போய்ப் பாருங்கள். தாள் இல்லையென்றால் கொடுக்க இன்னொன்று பையில் இருக்கட்டும்.